பதினாறு மில்லிநொடிக் கணக்கு

பெங்களூரு மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறினால் தெற்கே இரண்டாவது நிறுத்தம் கே.ஆர். மார்க்கெட். அங்கிருந்து நடக்கும் தூரம்தான் சாதர் பத்ரப்பா சாலை. எஸ்.பி. ரோடு என்றால்தான் ஊருக்குத் தெரியும். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு இந்தத் தெரு அப்படி. ரெசிஸ்டரிலிருந்து சர்வர் வரை அடுக்கி வைத்த சின்னச் சின்னக் கடைகள், கையால் எழுதித் தரும் கொட்டேஷன் சீட்டுகள். தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு.

என் அக்கா மகன் ஓசூரிலிருந்து வந்து இங்கே பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும் வீட்டில் கொடுத்ததும் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய் வைத்திருந்தான். கேம் விளையாட ஒரு கணினி, அதிலேயே படிப்பு வேலையும் நடக்க வேண்டும். ஒரு கடையில் வாங்கி வந்த சீட்டை என்னிடம் நீட்டினான். "மாமா, ஐ7 பிராசசர், பதினாறு ஜிபி ரேம், நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் சேர்த்து பாதிப் பணத்துலயே முடியுது. வாங்கிடலாமா?"

வாங்கலாமா கூடாதா என்று சொல்வதற்கு முன் அவனிடம் ஒரு கணக்கைப் போடச் சொன்னேன். முதல் கணினி வாங்கப் போகும் எந்த மாணவருக்கும் அந்தக் கணக்கு பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

திரையில் ஓடும் கேம் உண்மையில் ஓடுவதில்லை. நிற்கும் படங்கள் வேகமாக மாறுகின்றன, நம் கண் அவற்றைச் சேர்த்து ஓட்டமாக்கிக்கொள்கிறது. ஒரு படத்துக்கு ஒரு பிரேம் என்று பெயர். சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும். அப்படியானால் ஒரு பிரேமைத் தயாரிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் ஆயிரத்தை அறுபதால் வகுத்தால் வருவது, அதாவது 16.67 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 6.94 மில்லிநொடிதான். இந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் பழைய படமே திரையில் நிற்கும். அதைத்தான் 'லேக் அடிக்குது' என்கிறோம்.

கேமிங் கணினிக்குப் பாகம் தேர்வதென்பது இந்தப் பதினாறு மில்லிநொடியைப் பங்கு போடுவதுதான். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, 'இது எனக்கு எத்தனை மில்லிநொடி மிச்சப்படுத்தும்?' என்று கேட்க வேண்டும். மிச்சப்படுத்தாத பாகத்துக்கு, அது எவ்வளவு பளபளத்தாலும், மாணவர் பணத்தில் இடமில்லை.

ஒரு பிரேம் எப்படி உருவாகிறது? பெங்களூரின் தர்ஷினி ஓட்டல்களில் நின்றபடி தோசை சாப்பிட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். கல்லாவில் ஒருவர் பணம் வாங்கி, யாருக்கு என்ன என்று முடிவுசெய்து டோக்கன் கிழிக்கிறார். உள்ளே நீளமான தோசைக்கல்லில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தோசைகள் வேகின்றன. பிராசசர் கல்லாக்காரர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு பட்டதா, சுவர் இடிந்ததா என்று முடிவுசெய்து, 'இதை இதை வரை' என்று உத்தரவு எழுதுவது அதன் வேலை. கிராபிக்ஸ் கார்டுதான் தோசைக்கல். உத்தரவைப் பெற்று, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடுகிறது.

கல்லா மெதுவாக நகர்ந்தால் கல் சும்மா காயும். கல் சிறியதாக இருந்தால் டோக்கனோடு கூட்டம் நிற்கும். இரண்டில் எது மெதுவோ அதுதான் கடையின் வேகம். ஒன்றில் மட்டும் பணத்தைக் கொட்டுவது வீண்.

ஆகவே பட்டியலை மானிட்டரிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலோர் பிராசசரிலிருந்து தொடங்குகிறார்கள், அங்கேதான் கணக்கு தவறுகிறது. 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 பிரேம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் வேண்டும். 2560-க்கு 1440 திரையில் புள்ளிகள் 36,86,400, அதாவது 1.78 மடங்கு. 4கே திரையில் சரியாக நான்கு மடங்கு. திரை பெரிதாகப் பெரிதாகக் கிராபிக்ஸ் கார்டின் சுமை ஏறுகிறது, ஆனால் பிராசசரின் சுமை பெரிதாக மாறுவதில்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்ற கணக்கு எந்தத் திரைக்கும் ஒன்றுதானே. மாணவர் பணத்துக்கு 1080 திரையே போதும்.

அடுத்து, எந்த கேம்? வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் காட்சிகள் எளிமையானவை, ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான பிரேம்கள் வேண்டும். அங்கே சுமை கல்லாவில், அதாவது பிராசசரில் விழுகிறது. சைபர்பங்க் 2077 போல ஒளியும் நிழலும் நிறைந்த விளையாட்டில் சுமை முழுக்கக் கிராபிக்ஸ் கார்டின் தலையில்.

இப்போது மருமகன் கொண்டுவந்த சீட்டுக்கு வருவோம். அதில் இருந்த ஐ7 பிராசசர் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது, ஐ7-3770. இன்டெல் அதை வெளியிட்டது 2012-இல். நான்கு கோர் (கணக்குப் போடும் மையம்), எட்டுத் திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்). பத்தாண்டு கழித்து 2022-இல் வந்த ஐ3-12100எஃப் என்ற சிப்பிலும் நான்கு கோர், எட்டுத் திரெட்தான். பெயரில் ஐ3 என்று தாழ்ந்திருந்தாலும், ஒற்றைக் கோரில் அது பழைய ஐ7-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம். ஒரே கடிகாரத் துடிப்பில் புதிய சிப் அதிக வேலை முடிக்கிறது என்பதே காரணம். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் தரம் பிரிக்கும் பெயர்கள். தலைமுறை மாறினால் அந்தப் பெயரை வைத்து ஒப்பிட முடியாது. இன்னொன்றும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் விதிப்படி விண்டோஸ் 11-க்கு அந்தப் பழைய சிப் தகுதியற்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

கோர் எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்க வேண்டியதில்லை. ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-இல் ஒரு விதியைச் சொன்னார். ஒரு வேலையில் பங்கு பிரிக்க முடியாத பகுதி 40 சதவீதம் என்றால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் வேகம் இரண்டரை மடங்கைத் தாண்டாது. கேமில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தே தீர வேண்டிய கணக்குகள் நிறைய. அதனால்தான் பன்னிரண்டு, பதினாறு கோர்களைவிட வேகமான ஆறு கோர்கள் கேமருக்குப் பொருத்தம். 2022-இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 5 5600 அத்தகையது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். இதற்கு உட்பொதிந்த கிராபிக்ஸ் கிடையாது. இன்டெல் சிப் பெயரின் கடைசியில் வரும் 'எஃப்' என்ற எழுத்துக்கும் பொருள் அதுவே. தனிக் கார்டு இல்லாமல் இவை திரையில் எதையும் காட்டமாட்டா.

சீட்டில் இருந்த '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' ஜிடி 730. அது 2014-இல் வந்த மாடல், டிடிஆர்3 நினைவகம் கொண்ட வகை. இந்த வகையில் வேகமானதை எடுத்துக்கொண்டாலும் நினைவகத்திலிருந்து நொடிக்கு 28.8 ஜிபி தரவைத்தான் எடுக்க முடியும். 16.67 மில்லிநொடிக்குள் எவ்வளவு எடுக்கலாம் என்று பெருக்கிப் பாருங்கள், அரை ஜிபிகூட வராது. நினைவகம் 4 ஜிபி இருந்தும், ஒரு பிரேமுக்குள் அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் தொட முடிகிறது. தொட்டி பெரிது, குழாய் சிறிது. இதோடு ஏஎம்டி 2021-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6600-ஐ ஒப்பிடுங்கள். 8 ஜிபி நினைவகம், நொடிக்கு 224 ஜிபி வேகம். ஒரு பிரேம் நேரத்துக்குள் ஏறத்தாழ 3.7 ஜிபி. உள்ளே 1,792 சிறு கணக்கிகள் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 9 லட்சம் கோடி கணக்குகளைப் போடுகின்றன. இரண்டு அட்டைகளின் பெட்டியிலும் பெரிய எழுத்தில் இருப்பது 'ஜிபி' எண்தான். நாம் தேட வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கும் நினைவக வகையும் வேகமும்.

அதற்காக ஜிபி எண்ணே முக்கியமில்லை என்று பொருளில்லை. கேமின் காட்சித் தரவு கார்டின் நினைவகத்தில் அடங்காவிட்டால், மீதியை மதர்போர்டு வழியாக ரேமிலிருந்து இழுக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600-க்கு அந்த வழியின் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 16 ஜிபி, பழைய மதர்போர்டில் 8 ஜிபி. 224 எங்கே, 8 எங்கே! நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று வெட்டி வெட்டி நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே இன்று புதிதாக வாங்குபவர் 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

ரேமில் மாணவர்கள் தவறவிடும் எளிய லாபம் ஒன்று உண்டு. டிடிஆர்4-3200 ரேம் ஒற்றை வழியில் நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும். ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி குச்சிகளைச் சரியான இரண்டு துளைகளில் செருகினால் இரட்டை வழி திறந்து 51.2 ஜிபி ஆகும். கூடுதல் செலவு சொற்பம். பல ரேம்களில், மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் 3200 வேகமே வரும், இல்லாவிட்டால் ரேம் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், நுகர்வோர் சந்தையிலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில் 32 ஜிபி ஆசை வேண்டாம். 16 ஜிபி, இரண்டு குச்சிகளாக, போதும்.

சேமிப்பில் கணக்கு இன்னும் தெளிவு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். தேவையான இடம் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரே ஒரு தேடலுக்கு ஒரு பிரேமின் பெரும்பகுதி கரைந்துவிடும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை, அதே தேடல் பத்தில் ஒரு மில்லிநொடிக்குள் முடிகிறது. ஆனால் வேகமான எஸ்எஸ்டிக்கும் மிக வேகமான எஸ்எஸ்டிக்கும் கேமில் வித்தியாசம் சிறிது. 500 ஜிபி கொள்ளளவுள்ள சாதாரண என்விஎம்இ வகை போதும். பின்னால் இன்னொன்றைச் சேர்க்க மதர்போர்டில் ஒரு துளையை மட்டும் காலியாக விட்டுவையுங்கள்.

இதுவரை சொன்னவை வேகத்தைத் தருபவை. இனி வருவது வேகம் எதையும் தராது, ஆனால் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். அதுதான் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். மலிவான கேபினட்டோடு இலவசமாக ஒன்று வரும், மேலே '450 வாட்' என்று ஒட்டியிருக்கும். பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது 12 வோல்ட் வரிசையில். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்கி 192 வாட். உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட், பிராசசர் 76 வரை போகும். இந்த இரண்டுக்கே 208 வாட் ஆகிவிடுகிறது. கேம் உச்சத்தில் இருக்கும்போது கணினி அணைந்துபோகும். மோசமான எஸ்எம்பிஎஸ் என்றால் தான் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் முத்திரையோடு, 12 வோல்ட்டில் 36 ஆம்பியருக்குக் குறையாத ஒன்றைத் தனியாக வாங்குங்கள். இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது முழுக் கணினியையும் பணயம் வைப்பது.

பி.ஜி. அறைகளில் தங்கும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்னிரைச்சலை வடிகட்ட, இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்கு ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் இணைத்திருப்பார்கள். மூன்றாவது முனையில் எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிதுதான். ஆனால் உள்ளே உண்மையான மின்கசிவு ஏற்படும் நாளில் காப்பாற்ற எர்த் இருக்காது என்பதற்கான எச்சரிக்கை அது. அறை உரிமையாளரிடம் சொல்லி முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிச் செல்லும் காற்றின் எடை அந்த அளவு குறையும். ஆனால் கோடையில் சென்னையைவிட இங்கே வெயில் சில டிகிரி குறைவு என்பதால் அது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. முன்பக்கம் வலை வைத்த கேபினட், உள்ளே இழுக்க ஒரு விசிறி, வெளியே தள்ள ஒன்று, இதுவே போதும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு வண்ண விளக்கு எரியும் கேபினட் அழகுதான். ஆனால் காற்று நுழைய வழியில்லாவிட்டால் பிராசசர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய மில்லிநொடிகளை அந்தக் கண்ணாடி திருப்பி எடுத்துக்கொள்ளும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் நான் விகிதத்தையே சொல்வேன். மானிட்டரைத் தனியாக வைத்துவிட்டு, மீதி நூறு ரூபாயில் நாற்பது கிராபிக்ஸ் கார்டுக்கு. முப்பது பிராசசருக்கும் மதர்போர்டுக்கும். எஞ்சிய முப்பதில் ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட். போட்டி விளையாட்டு மட்டும் ஆடுபவர் கார்டிலிருந்து பத்து ரூபாயைப் பிராசசர் பக்கம் நகர்த்தலாம்.

கையில் பணம் இன்னும் குறைவென்றால் இரண்டு தவணையாகக் கட்டலாம். ரைசன் 5 5600ஜி போன்ற சிப்பில் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. ரேமையே காட்சி நினைவகமாகப் பயன்படுத்துவதால் இதற்கு இரட்டைக் குச்சி கட்டாயம். வேலரன்ட்டைக் குறைந்த அமைப்பில் தாராளமாக ஆடலாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சுற்றி டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' போன்ற அருமையான சிறு விளையாட்டுகளுக்கு இது தாராளம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை முதலிலேயே போட்டுவிட்டால், ஓராண்டு கழித்துக் கார்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கார்டு வாங்கலாமா? 2022 செப்டம்பர் 15 அன்று எதிரியம் என்ற மின்னணு நாணயம், கிராபிக்ஸ் கார்டு தேவையில்லாத முறைக்கு மாறியது. அதுவரை நாணயம் தோண்டிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்டில் பெரும்பாலும் தேய்வது விசிறியும் வெப்பப் பசையும்தான், இரண்டையும் மாற்றிக்கொள்ள முடியும். ஆனாலும் விற்பவர் இடத்திலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்து, சூட்டைப் பார்த்து, பில்லும் வாரண்டியும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். புதிதாக வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில் வேண்டாமென்றால் 18 சதவீத வரியைக் குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னால், கூடவே குறைவது வாரண்டியும்தான்.

பெங்களூரில் இந்தக் கணக்கைப் போடுவதற்குக் கூடுதல் பொருத்தம் ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் 1985-இல் தொடங்கிவைத்த பாதையில், சிப் வடிவமைக்கும் பெரிய நிறுவனங்கள் இந்த ஊரில் வேரூன்றின. ஏஎம்டி தன் உலகளாவிய வடிவமைப்பு மையங்களில் மிகப் பெரியதை, 5 லட்சம் சதுர அடியில், 2023 நவம்பரில் இங்கேதான் திறந்தது. இன்டெல்லுக்கும் என்விடியாவுக்கும் இங்கே பொறியாளர்கள் இருக்கிறார்கள். எஸ்.பி. ரோட்டில் சிப் வாங்கும் மாணவர் நாளை இதே ஊரில் சிப் வடிவமைக்கும் வேலைக்குப் போக முடியும்.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேம் கணினி கேட்டால் பூட்டிய பெட்டியாக வாங்கித் தராதீர்கள். பட்டியல் போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு பாகமும் ஏன் என்று கேளுங்கள், அவர்கள் கையாலேயே பூட்டவிடுங்கள். மாணவர்களுக்கு ஒரு சொல். கடைக்குப் போகும் முன் திரை அளவையும் ஆடப்போகும் கேமின் பெயரையும் கையிலுள்ள பணத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்குப் பொருந்தாத பாகத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். பூட்டி முடித்ததும் மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். சிப்பிலேயே கிராபிக்ஸ் இருந்தால் மதர்போர்டில் செருகினாலும் படம் தெரியும்; அந்த ஒரு தவறால் புதுக் கார்டு சும்மா கிடக்கும் கணினிகள் இன்றும் பல அறைகளில் இருக்கின்றன.